துணைக் கட்டம்

பதிவக்கா கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினாள். படிவம் திறந்தது. அதில் இரண்டே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஏழு பேர் இருந்திருக்க வேண்டும். சலவைப் பிரிவில் ஏழு பேர் என்பது அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். சின்னப் படிவத்தில் ‘பிரிவு’ என்ற கட்டத்தில் ‘சலவை’ என்றுதான் தட்டியிருந்தாள். அந்தச் சின்னப் படிவத்துக்கு ஆஸ்பத்திரி முழுக்க ‘சல்லடை’ என்று பெயர். சல்லடையில் என்ன தட்டுகிறோமோ, அதற்குப் பொருந்துகிற ஆட்களை மட்டும் பெரிய படிவம் எடுத்துக் காட்டும். மற்றவர்கள் எங்கேயும் போய்விடுவதில்லை, கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், அவ்வளவுதான். முந்நூற்றுப் பதினெட்டு ஊழியர்களையும் இப்படிச் சலித்துச் சலித்தே பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டாள் பதிவக்கா.

திரையில் இருந்த இரண்டு பேரும் சலவைக்காரர்களே இல்லை. ஒருத்தி தையல்காரி. இன்னொருத்தி, ‘சிரிப்பு’ என்று எல்லோரும் கூப்பிடுகிறவள்.

இரண்டு போட்டோக்களும் பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டினாற்போல. சல்லடையை எட்டிப் பார்த்தாள். ‘சலவை’ அப்படியேதான் இருந்தது. அப்படியானால் பெரிய படிவம் யார் பேச்சைக் கேட்டுக்கொண்டு திறந்தது? வேறு எங்கேயோ உட்கார்ந்து வேறு யாரோ எதையோ தட்டியிருக்க வேண்டும். ஆனால் சல்லடை இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் உண்டு.

மூடினாள். மறுபடி திறந்தாள். அதே இருவர். கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘2 பேர்’.

“கம்ப்யூட்டருக்குக்கூட ரெண்டு பேரும் ஜோடியாத்தான் தெரியுது போல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னவுடன் நெஞ்சில் சுருக்கென்றது.

விஷயம் இதுதான். அந்த ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஊழியர்கள் யாரும் தனியாகப் போகக் கூடாது என்று ஒரு சட்டம். ஆணோ பெண்ணோ, ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. யார் யாரோடு போகிறார்கள் என்று ‘துணை’ என்ற கட்டத்தில் எழுதியாக வேண்டும். பதிவக்காவின் துணை தையல்காரி, தையல்காரியின் துணை பதிவக்கா. பதினோரு வருஷமாக அப்படித்தான். போன வெள்ளிக்கிழமை தையல்காரியிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ‘துணையை மாற்றவும்’ என்று போட்டு, கீழே சிரிப்பின் பெயர். போன மாதம்தான் டெலிபோன் அறைக்கு வேலைக்கு வந்தவள். எதற்கெடுத்தாலும் கலகலவென்று சிரிப்பாள், அதனால் அந்தப் பெயர். சீட்டைப் பார்த்து அந்த மாற்றத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை யாருடையது? பதிவக்காவுடையதுதான். தன் பெயரைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொருத்தி பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் தையல் அறை. சுவர் மெல்லிசு. தையல் மெஷின் ஓடுகிற சத்தமும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்ட ஈரத் துணியின் வாசனையும், எண்ணெய் வாசனையும் நாள் முழுக்கக் கசிந்து வரும். பதிவக்காவுக்கு அதுதான் கடிகாரம். மெஷின் நின்றால் சாப்பாட்டு நேரம். இப்போதெல்லாம் மெஷின் நின்றதும் சிரிப்புச் சத்தம் ஆரம்பிக்கிறது.

அன்றைக்கும் மெஷின் நின்றது. டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். துணி வெட்டுகிற மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி, இரண்டிலும் ஆள்.

“ஏங்க்கா வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வர டிக்கெட்டா கேக்குறோம்?” என்றாள் சிரிப்பு. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

“அக்கா, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கோங்க” என்றாள் தையல்காரி. “என்ன, இன்னும் கோவமா? அவ வீடு என் தெருவுலயே இருக்குக்கா. அதான் மாத்தினேன்.”

“எனக்கென்னடி கோவம்? நான் யாரு உனக்கு?”

“பாத்தீங்களா, இதுக்குப் பேருதான் கோவம்.”

“பதினோரு வருஷமா என் வீடு உன் தெருவுல இல்லதான். உன்ன உன் வீட்டுல விட்டுட்டு நான் திரும்பி நடக்கல?”

“யாருக்கா நடக்கச் சொன்னது?” தையல்காரி விளையாட்டாகத்தான் கேட்டாள். சிரிப்பு வாயில் போட்டதை விழுங்க முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். தையல்காரியும் கூடச் சேர்ந்துகொண்டாள். பதிவக்கா டப்பாவைத் திறக்கவே இல்லை.

அறைக்குத் திரும்பி வந்து, தன் பெயருக்கான படிவத்தைத் திறந்தாள். துணை என்ற கட்டத்தில் தையல்காரியின் பெயர் இன்னும் இருந்தது. அதை அழித்தாள். வேறு யாரையும் போடவில்லை. யாரைப் போடுவது? வெள்ளையாக விட்டுவிட்டுச் சேமித்தாள். மனசுக்குள் கொஞ்சம் நிறைவாகக்கூட இருந்தது, கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தாற்போல.

அப்போதுதான் திரையின் நடுவில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி வந்தது.

அந்தப் பெட்டி அவளுக்குப் புதுசு இல்லை. சல்லடையை மூடிவிட்டுப் பெரிய படிவத்தைத் திறந்தால், யாரைக் காட்டுவது என்று அதற்குத் தெரியாது. அதனால் ‘பிரிவு?’ என்று நேரடியாக நம்மையே கேட்கும். ஆனால் இப்போது சல்லடை திறந்துதான் இருந்தது. பெட்டி ‘பிரிவு?’ என்று கேட்கவும் இல்லை.

‘யார் வேண்டாம்?’

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு ஏதோ சொல்லத் தொடங்க, தையல்காரி “ஐயோ போதும்டி” என்று கெஞ்சினாள். அந்த ‘டி’ காதில் விழுந்ததும் பதிவக்காவின் விரல்கள் தாமாகவே போய் சிரிப்பின் பணி எண்ணைத் தட்டிவிட்டன. 318. பொத்தான்.

படிவம் திறந்தது. ‘317 பேர்.’

சிரிப்புச் சத்தம் நின்றது. ஓய்ந்து அடங்கவில்லை. பாதியில், ஒரு மூச்சின் நடுவில், கத்தரிக்கோலால் நறுக்கினாற்போல நின்றது. ஒரு நிமிஷம் கழித்து மெஷின் ஓட ஆரம்பித்தது.

பதிவக்கா எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். தையல்காரி மட்டும் இருந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலி, கொஞ்சம் பின்னால் தள்ளினபடி.

“எங்கடி அவ?”

“எவக்கா?”

“அதான், சிரிப்பு.”

“என்ன சிரிப்பு? நான் சிரிக்கவே இல்லையே” என்றாள் தையல்காரி. பொய் சொல்கிற முகம் இல்லை அது. “வாங்கக்கா, ஏன் இவ்வளவு நேரம்? நான் இன்னும் சாப்பிடவே இல்ல.”

பதிவக்காவுக்கு முதுகில் சில்லென்றது. உண்மையைச் சொன்னால், அதற்கு அடுத்த நொடியே உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் பொங்கியது. டெலிபோன் அறையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை. அந்த நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்காரும் இடம் சூடாக இருந்தது.

அன்று மாலை இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். மறுநாளும். அதற்கு மறுநாளும். ஆனால் தையல்காரி சரியாக இல்லை. ஏதாவது ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டு, பதிவக்கா சிரித்த பிறகும் காத்திருப்பாள், இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொரு சிரிப்பு வர வேண்டியிருக்கிற மாதிரி. நடக்கும்போது தெருவோரமாக ஒரு ஆள் நடக்கிற இடத்தை விட்டு நடப்பாள். சாப்பிடும்போது டப்பா மூடியில் ஒரு பங்கை எடுத்து வைப்பாள். யாரும் தொடாமல் அது காய்ந்துபோகும்.

“யாருக்குடி அது?”

“தெரியலக்கா. வைக்கணும்போல இருக்கு.”

பதிவக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினாள். தையல்காரி சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. அங்க ஆள் இருக்கு.”

“யாரு இருக்கா? நீயும் நானும்தான இருக்கோம்.”

“இல்லதான். ஆனா இருக்கு” என்று சொல்லிவிட்டு, அந்த வெறும் இடத்தைப் பார்த்துத் தையல்காரி புன்னகைத்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட பதிவக்காவைப் பார்த்து அப்படிப் புன்னகைத்ததில்லை. இருக்கிறவள் மேல் பொறாமைப்பட்டாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இல்லாதவளை என்ன செய்வது?

சாம்பல் பெட்டி திரையிலேயே காத்திருந்தது. மூடினாலும் போகவில்லை. காலியாக விட்டுப் பொத்தானை அழுத்தினால் மறுபடி வந்தது.

‘யார் வேண்டாம்?’

கிழிந்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தையல்காரியோடு அரை மணி நேரம் கதையளக்கிற பெரியவரின் எண்ணைத் தட்டினாள். அவரால்தான் அவள் கவனம் சிதறுகிறதோ என்று. ‘316 பேர்.’ மெஷினுக்கு எண்ணெய் போட வருகிறவன். 315. தையல்காரியை ‘தங்கம்’ என்று கூப்பிடுகிற நர்ஸ். 314. தையல்காரி ஒவ்வொருவரையும் மறந்தாள், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்தாள். மேஜை மேல் டப்பா மூடிகள் போதாமல், வெட்டின துணித் துண்டுகளின் மேல் வைத்தாள். அவள் சாப்பிடுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படியும் அவள் பதிவக்கா பக்கம் திரும்பவில்லை, ஆகவே இன்னும் நர்ஸுகள். 290. மாடி மாடியாக. 241. பதிவக்கா எண்களை மட்டும்தான் தட்டினாள். எண்களுக்கு முகம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெயில் ஜன்னலில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தபோது, நடைபாதையின் அந்தக் கோடியில் ஒரு மணி அடித்தது. படுக்கைக்குப் பக்கத்தில் நோயாளிகள் நர்ஸைக் கூப்பிட அழுத்துகிற மணி. யாராவது போவார்கள் என்று பதிவக்கா காத்திருந்தாள். மணி நிற்கவில்லை. கீழ் மாடியில் இன்னொன்று. மேலே இரண்டு. லிஃப்ட் அந்தத் தளத்தில் வந்து நின்று, கதவைத் திறந்து, யாரும் ஏறாமல், யாரும் இறங்காமல் மூடிக்கொண்டு போனது. மருந்து வாசனை மட்டும் நடைபாதை நெடுக நின்றது. மணிகள், ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே நீளமான சத்தமாக.

இந்தப் படிவத்தையெல்லாம் செய்துகொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட கம்ப்யூட்டர்காரரை செல்போனில் பிடித்தாள்.

“எல்லாரும் திரும்பி வரணும். என்ன செய்யணும்?”

“யாரும்மா, பதிவக்காவா? சௌக்கியமா? இன்னும் அந்தப் படிவத்தக் கட்டிட்டுத்தான் அழறீங்களா?” அவர் சிரித்தார். “எல்லாரையும் காட்டணும்னா கட்டத்துல ஒரு நட்சத்திரம் போடுங்க. அவ்ளோதான்.”

“நட்சத்திரமா?”

“எட்டாம் நம்பருக்கு மேல ஒண்ணு இருக்கும் பாருங்க, அது. ஆனா ஒரு விஷயம் கேட்டுக்கோங்க. நட்சத்திரம்னா ‘ஏதாவது ஒண்ணு இருக்கணும்’னு அர்த்தம். யாருக்காவது அந்தக் கட்டம் வெறுமையா இருந்துச்சுன்னா, அவங்கள அது கணக்குலயே எடுத்துக்காது. மொதல்ல அத நிரப்பிட்டு…”

“சரி, சரி” என்று சொல்லி வைத்துவிட்டாள். மணிகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

சாம்பல் பெட்டி கேள்வியை மாற்றியிருந்தது.

‘துணை?’

நட்சத்திரத்தைப் போட்டாள். பொத்தானை அழுத்தினாள்.

மணிகள் ஒவ்வொன்றாக நின்றன. நடைபாதையில் செருப்புச் சத்தம், தள்ளுவண்டியின் கடகடப்பு, யாரையோ யாரோ அதட்டுகிற குரல். சுவருக்கு அந்தப் பக்கம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாற்போல, சிரிப்பின் சிரிப்பு. பதிவக்கா முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதாள். சிரிக்கட்டும். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துத் தொலைக்கட்டும். இனிமேல் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொள்வேன் என்று நினைத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

‘317 பேர்.’

ஒரு ஆள் குறைவு.

பட்டியலை மேலிருந்து கீழே நகர்த்தினாள். சிரிப்பு இருந்தாள். பெரியவர் இருந்தார். எண்ணெய்க்காரன், நர்ஸுகள், எல்லோரும். தன் எண்ணைத் தேடினாள். 96. 97. அடுத்தது 99.

வெள்ளையாக விட்ட துணைக் கட்டத்தை நிரப்பிவிடலாம் என்று, தன் படிவத்தைத் தேடித் திறக்கப் பார்த்தாள். எண்ணைத் தட்டினாள். கட்டத்தில் ஒன்றும் விழவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினாள். விரலுக்கு அடியில் விசை அமுங்கவே இல்லை. கல்லைக் குத்துகிற மாதிரி.

ஓடினாள். தையல் அறைக் கதவு திறந்திருந்தது. மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர்.

“அடியே” என்றாள். “அடியே, என்னப் பாரு.”

தையல்காரி நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். கண் அவள் மேல் படவில்லை. அவளைத் தாண்டி எங்கோ போனது.

“பக்கத்து ரூம்ல லைட் எரிஞ்சிட்டே கெடக்கு பாரு” என்றாள் சிரிப்பிடம். “ஆளில்லாத ரூமுக்கு எதுக்குடி லைட்டு?”

“பேய்க்குப் பயமா இருக்கும்ல” என்றாள் சிரிப்பு. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேஜை மேல் இரண்டே டப்பாக்கள். எடுத்து வைத்த பங்கு ஒன்றுகூட இல்லை. பதிவக்காவுக்கென்று தையல்காரி ஒரு பருக்கை கூட ஒதுக்கவில்லை. ஆள் விட்டுப்போன இடமே அங்கே இல்லை.

அவளுக்கு வயிறு எரிந்தது. பயத்தையும் மீறி எரிந்தது. ஒரு அடி உள்ளே வைத்தாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

அறை நிறைய ஆட்கள். சுவரோரமாக, அலமாரியோரமாக, துணி மூட்டைகளுக்கு நடுவில். ஆஸ்பத்திரி உடைகள், எத்தனையோ வருஷத்துக்கு முந்தின உடைகள், நிறம் வெளுத்தவை. நர்ஸ் தொப்பி போட்ட ஒரு கிழவி. சாவிக்கொத்தைப் பிடித்திருந்த ஒரு காவல்காரர். ஒருவர் தோள் இன்னொருவர் மேல் படாமல், ஒவ்வொருவரும் தனித்தனியாக. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது மேஜையை. அந்த இருவரை. கண் இமைக்காமல்.

தையல்காரி சிரித்தாள். அத்தனை வாய்களும் அவளோடு திறந்தன. சத்தமில்லாமல். அவள் வாய் மூடியதும் மூடின.

தொங்கவிட்ட கைகளில் விரல்கள் மட்டும் ஓயாமல் ஆடின. காற்றில். எதையோ தட்டுகிற மாதிரி. தட்டி, அழித்து, மறுபடி தட்டுகிற மாதிரி.

நர்ஸ் தொப்பிக் கிழவி, தையல்காரியின் கழுத்துக்குப் பின்னால், மூச்சு படுகிற தூரத்தில் குனிந்திருந்தாள். தலையைத் திருப்பாமலே ஓரடி நகர்ந்தாள். ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு.

பதிவக்காவின் கால் முன்னால் போனது. அவள் எடுத்து வைக்கவில்லை. போனது.

அங்கிருந்து தையல்காரியின் கன்னம் தெளிவாகத் தெரிந்தது. சிரிப்பின் கை அதைத் தொட்டு, ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டது.

பதிவக்காவின் விரல்கள் ஆட ஆரம்பித்தன.